சிவப்பு மையில் அடித்த மழை

1981 மே 4, திங்கள்

என் மழையை அடித்துவிட்டார்கள்.

1976 ஜூலை 11-ஆம் தேதி, 168.4 மில்லிமீட்டர். நானே செம்புத் தகட்டை வளைத்து, ஈயம் வைத்து, செய்த மழைமானியில் என் வீட்டு முற்றத்தில் நானே அளந்தது. மாத அட்டையில் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, மழைக் கணக்கு ஆபீசுக்கு அனுப்பினேன். அந்த எண்ணின் மேல் யாரோ சிவப்பு மையில் கோடு இழுத்து, ஓரத்தில் ‘சந்தேகம்’ என்று எழுதியிருக்கிறார். இன்று கண்ணால் பார்த்தேன். அது ஒன்று மட்டுமா? 1962 முதல் நான் அனுப்பிய அட்டைகள் அத்தனையையும் நாடா போட்டுக் கட்டி, மேலே ‘உபயோகிக்க வேண்டாம்’ என்று ஒரு சீட்டு. பத்தொன்பது வருடம். ஒரு நாள் தவறியதில்லை. மனைவி சத்தியவதிக்கு ஆபரேஷன் நடந்த அன்றுகூட எட்டரைக்கு அளந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதை அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

அந்த அட்டைக் கட்டை எடுத்துக் காட்டியவர் மகாதேவன். அந்த ஆபீசில் ரெக்கார்டு கிளார்க். தஞ்சாவூர்க்காரர். பத்து வருடப் பழக்கம், மாதம் ஒரு சண்டை.

“பக்கத்து ரெண்டு ஸ்டேஷனோட ஒத்துப்போகலையாம், ஓய். பெரியவா அடிச்சிருக்கா. நான் என்ன பண்ணட்டும்?”

ஒத்துப்போகவில்லை என்றால் அவர்களுடையது தப்பாக இருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“அவா ரெண்டு பேர், நீர் ஒருத்தர்” என்றார்.

ஓட்டுப் போட்டா மழையைத் தீர்மானிக்கிறார்கள்?

நான் எட்டாவது படித்த ஃபிட்டர்தானே. அதுதான் காரணம். வேறென்ன.

மே 5

கோபம் தணியவில்லை. கோபத்தில் கணக்கு மறந்துவிடும் என்பதால், ஒரு எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எனக்காகவே எழுதி வைக்கிறேன்.

என் வீடு கட்கியில் மேட்டில் இருக்கிறது. மகள் பிலிஸ் கீழே, நாலா ஓரத்து வரிசையில் இருக்கிறாள். ஆறு வீடுகள், எல்லாம் தொழிற்சாலைக் குடும்பங்கள். குன்றுக்குப் பின்னாலிருந்து வரும் தண்ணீரை அந்த ஓடைதான் நதிக்குக் கொண்டுபோகிறது. இரண்டு வருடம் முன்பு வரிசைக்குக் கீழே ஓடையின் குறுக்கே ரோடு போட்டார்கள். ரோட்டுக்கு அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய். ஒரு பிள்ளை தவழ்ந்து போகலாம், அவ்வளவுதான். குழாய் கொள்ளாத தண்ணீர் வந்தால் அந்த ரோடு அணையாக நிற்கும். தண்ணீர் பின்னால் ஏறும். பின்னால் இருப்பது பிலிஸின் அடுக்களை.

குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை, ஒரே நாளில் பெய்த பெரிய மழையைப் புத்தகத்தில் பார்த்து முடிவு செய்கிறார்கள். புத்தகத்தில் இருப்பது 104. ஏனென்றால் என்னுடையதை அடித்துவிட்டார்கள்.

76-இல் ரோடு இல்லை. தண்ணீர் வாசற்படி வரை வந்து, வயலில் பரவிப் போய்விட்டது. இப்போது போக இடமில்லை.

61-இல் பான்ஷெட் அணை உடைந்து நதி ஊருக்குள் வந்ததே. தண்ணீர் வடிந்த மறுநாள் அண்ணன் மோசஸின் வீட்டுக்குப் போனேன். ஆட்கள் பிழைத்திருந்தார்கள். ஆனால் ஒரு தையல் மெஷின் வேப்ப மரக் கிளையில் இருந்தது, ஊசியில் துணி மாட்டியபடியே. சுவரில் தண்ணீர் நின்ற கோடு. இன்ச் டேப்பை எடுத்து அளந்தேன். ஒன்பது அடி, நாலு அங்குலம். ஏன் அளந்தேன் என்று தெரியாது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால். அடுத்த வருடம் மழைமானி செய்தேன்.

அந்தக் கோட்டைக் கனவில் பார்க்கிறேன். இப்போது அது பிலிஸ் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

மே 20

ரோடு போட்ட ஆபீசுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில். இன்ஜினியர் மராத்திக்காரர், சின்ன வயது, மரியாதையாகவே பேசினார். டீ வரவழைத்தார். புத்தகத்தைத் திறந்து 104-ஐக் காட்டி, தாங்கள் 110-க்குக் கட்டியிருப்பதாகச் சொன்னார். என் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். புரட்டினார், கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். ஆபீஸ் புத்தகத்தில் ஏறாத எண்ணைத் தான் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எரிகிறது.

ஜூன் 2

மழை மாறிவிட்டதா, அல்லது நான் கிழவனாகிப் பயந்தவனாகிவிட்டேனா? இதைக் கேட்டு எத்தனை நாள் தூக்கம் போயிற்று. இன்று கேட்பதை நிறுத்திவிட்டு எண்ணினேன்.

சர்ச் விழாவில் எண் கூப்பிட்டு ஆடும் தம்போலாவுக்கான காய்ப் பை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பெண்கள் சங்கத்து ஸ்டாலை நடத்துபவள் சத்தியவதி. அதிலிருந்து ஒன்று முதல் பதினெட்டு வரை காய்களை எடுத்துக்கொண்டேன். ஒரு காய்க்கு ஒரு வருடம். 62 முதல் 70 வரை ஒன்பது. 71 முதல் 80 வரை, 72-ஐ விட்டு, ஒன்பது. 72 பஞ்ச வருடம், அது ஒன்றே கணக்கைச் சாய்த்துவிட்டது என்று சொல்வார்கள். சொல்ல விடக் கூடாது.

முதல் ஒன்பது வருடத்தில் 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்த நாட்கள் 7. பின் ஒன்பதில் 16. மழைக்காலத்தின் நடுவே இரண்டரை மில்லிமீட்டர்கூடப் பெய்யாமல் தொடர்ந்து காய்ந்த நாட்கள்: முன்பு சராசரி 11, இப்போது 17. மொத்த மழை ஏறக்குறைய அதே. அதே தண்ணீர்தான். முன்பு குடத்தால் ஊற்றினார்கள், இப்போது காயப்போட்டு, காயப்போட்டு, தொட்டியைக் கவிழ்க்கிறார்கள்.

இது தற்செயலாகவும் வரலாம். ஆகவே பையைக் குலுக்கிக் கண்ணை மூடி ஒன்பது காய் எடுத்தேன். அந்த ஒன்பது வருடத்தைக் கூட்டினேன். திரும்பப் போட்டுக் குலுக்கினேன். வருடங்களுக்கு முன்பின் என்று ஒன்றும் இல்லையென்றால், குலுக்கிப் போட்டாலும் இதே வித்தியாசம் அடிக்கடி வர வேண்டும். நான்கு நாளாக முந்நூறு தடவை குலுக்கி முடித்தேன்.

“ஹவுஸ் ஆச்சாங்க?” என்றாள் சத்தியவதி, அரிசி பொறுக்கிக்கொண்டே, தம்போலாவில் ஜெயித்தாயிற்றா என்று கேட்பது போல.

பெருமழையில் இதே வித்தியாசம் வந்தது முந்நூறில் பதின்மூன்று தடவைதான். காய்ந்த நாட்களில், முந்நூறில் நான்கு. தற்செயல் என்று சொல்ல இது போதாது.

ஆகவில்லை என்று சொன்னேன். காய்களைப் பையில் போடும்போது ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. அவள்தான் குனிந்து எடுத்தாள்.

ஜூன் 3

நான் சொல்வது தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்படுகிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச் முடிந்து நேராக நாலா வரிசைக்குப் போனேன். வீடு வீடாகச் சொன்னேன். தண்ணீர் ஏறினால் ரோட்டுப் பக்கம் ஓடாதீர்கள், மேட்டுப் பக்கம் வாருங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார்கள், மோர் கொடுத்தார்கள்.

பிலிஸுக்கு அடுத்த வீடு துரைசாமி. பம்ப் ஹவுசில் என்னோடு முப்பது வருடம் வேலை பார்த்தவன். மனைவி போய்விட்டாள், ரேடியோவும் இவனும்தான். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்: “வாப்பா மழை மேஸ்திரி. மேல ஓவர்டைமா? ஸ்லிப்ல கையெழுத்துப் போடணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பிலிஸ்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மருமகன் ஜார்ஜ் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். “மாமா, ஃபேக்டரிக்கு இங்க இருந்து நடந்து போயிடறேன். பசங்க ஸ்கூலும் பக்கம். இத விட்டு எங்க போறது?” என்று பொறுமையாகக் கேட்டான், காய்ச்சல்காரனிடம் பேசுவது போல.

இனி துரைசாமி வாசலில் நிற்க மாட்டேன்.

ஜூன் 21

மழை பிடித்துவிட்டது. 14.2. நல்ல மழை, பழைய மழை. பயம் கொஞ்சம் இறங்கியது. ஒருவேளை இந்த வருடம் இப்படியே போய்விடுமோ?

ஜூலை 9

0.0

ஜூலை 13

0.0. ஐந்தாம் நாள்.

ஜூலை 16

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

அடுக்களை அலமாரியில் ஈரம் பிடித்துவிட்டதென்று சத்தியவதி தட்டுகளில் விரித்த பழைய தாளை எல்லாம் உருவினாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். “இது உங்க ஆபீஸ் தாள் மாதிரி இருக்கே. முத்திரை போட்டிருக்கு.”

1968 மார்ச். மழைக் கணக்கு ஆபீசின் கடிதம். ஆங்கிலம். மேலே ‘ஃபிட்டர் ஆர்தர்’ என்று மொட்டையாக. முதல் வரி: உங்கள் அட்டைகளில் பிழை காணப்படுகிறது. நினைவு வந்துவிட்டது. அந்த முதல் வரியோடு நிறுத்தி, நானேதான் அதைக் கொண்டுபோய் டப்பாவுக்கு அடியில் விரித்தேன். ஃபிட்டரின் பிழை சர்க்கரை டப்பாவைத் தாங்கட்டும் என்று அன்று சொன்னேன். சத்தியவதிக்கும் நினைவிருக்கிறது.

இன்று இரண்டாம் வரியைப் படித்தேன். பதின்மூன்று வருடம் கழித்து.

காலை எட்டரைக்கு அளக்கும் மழையை, அளந்த தேதியின் வரியிலேயே எழுத வேண்டும். முந்தைய தேதியின் வரியில் அல்ல.

நான் எப்போதும் முந்தைய தேதியில்தான் எழுதுகிறேன். காலையில் அளப்பது நேற்றுப் பெய்த மழைதானே? தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்து விடிந்து கார்டு குத்தினாலும், ஹாஜர் முந்தைய தேதிக்குத்தான் ஏறும். வேலை என்றைக்குத் தொடங்கியதோ அந்தத் தேதி. முப்பத்தைந்து வருடம் அப்படியே வாழ்ந்தவன். மழைக்கு மட்டும் வேறு விதி இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

ஜூலை 17

மகாதேவனிடம் போனேன். 1976 ஜூலையை எடுக்கச் சொன்னேன்.

பக்கத்து ஸ்டேஷனில் 11-ஆம் தேதி 9, 12-ஆம் தேதி 104. என் அட்டையில் 11-ஆம் தேதி 168.4, 12-ஆம் தேதி 3. நான் அளந்தது 12-ஆம் தேதி காலை. என் அட்டையை ஒரு வரி கீழே இறக்கி வைத்தால் பெருமழையும் பெருமழையும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. இன்னொரு மாதம் பார்த்தோம். இன்னொரு வருடம். எல்லாம் ஒரே வரி.

மகாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடப்பாவி. பத்தொன்பது வருஷமும் ரத்தினம் மாதிரி இருக்குமையா. ஒரு நாள் தள்ளி இருக்கு, அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ஒரு வரி இறக்கினாலும் பெருமழை அதே பதினாறு நாள், காய்ந்த நாட்கள் அதே பதினேழு. தம்போலாப் பை சொன்னது ஒன்றும் மாறவில்லை. தப்பு என்னுடையது. பயம் மட்டும் சரியாக இருக்கிறது.

வழியும் சொன்னார். ‘தேதி என் தவறால் முன்னால் எழுதப்பட்டது’ என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்தால் போதும், கட்டை அவிழ்ப்பார்கள், 168.4 புத்தகத்தில் ஏறும், ரோட்டு ஆபீஸ் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் என்றார்.

என் தவறால். அவர்கள் இரண்டாவது கடிதம் எழுதியிருக்கக் கூடாதா? ஒரு ஆளை அனுப்பியிருக்கக் கூடாதா? கட்டிப்போட்டு மூலையில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு என் கதவைத் தட்டத் தெரியாதா?

ஜூலை 18

கடிதம் எழுதிவிட்டேன். பைபிளுக்குள் இருக்கிறது.

ஜூலை 20

போடவில்லை.

ஜூலை 23

தபால்பெட்டி வரை போனேன். பெட்டியின் வாயில் பாதி உள்ளே விட்டுவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டேன். பின்னால் நின்ற பெண் “பாபா, ஜாயச்ச கா நாஹி?” என்றாள், போகிறீர்களா இல்லையா என்று. போகட்டும் என்று வழிவிட்டேன். அவள் தன்னுடையதைப் போட்டுவிட்டு நடந்தாள். எத்தனை சுலபம்.

ஜூலை 26, ஞாயிறு

0.0. பதினெட்டாம் நாள். மண் வெடித்துவிட்டது. நாலாவில் தண்ணீர் இல்லை, குப்பை இருக்கிறது. குழாய் வாயில் ஒரு கிழிந்த மெத்தை, முள், பிளாஸ்டிக் கோணி. போய்ப் பார்த்தேன். மெத்தையை இழுத்தேன். என்னால் முடியவில்லை. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். யாரை? வரிசையில் வெளியே உட்கார்ந்திருந்தவன் துரைசாமி ஒருவன்தான்.

நோட்டைப் புரட்டினேன். கடந்த ஒன்பது வருடத்தில் பதினைந்து நாளுக்கு மேல் காய்ந்தது ஏழு தடவை. அதில் நான்கு தடவை, முடித்து வைத்த மழை 60-க்கு மேல். இது ஜோசியம் இல்லை. மூன்று தடவை ஒன்றும் நடக்கவில்லையே. அந்த மூன்றையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் நான்கு.

ஜூலை 29

மேற்கே கறுத்தது. கீழே ஓடினேன். பிலிஸைப் பிள்ளைகளோடு மேலே வரச் சொன்னேன், வந்தாள். 0.4 பெய்தது. திரும்பிப் போனாள்.

ஆகஸ்டு 1

மறுபடியும் கறுத்தது. மறுபடியும் ஓடினேன். இந்தத் தடவை அவள் வரவில்லை. “அப்பா, அடுப்புல கொழம்பு இருக்கு” என்றாள். பெய்யவே இல்லை. துரைசாமி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து, “ஏம்ப்பா மேஸ்திரி, மேல உள்ளவன் லீவுல போயிட்டானாம். தந்தி வரலியா உனக்கு?” என்றான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. நேராக நடந்தேன்.

ஆகஸ்டு 3, திங்கள், காலை பதினொன்று

காற்று நின்றுவிட்டது. குன்று தெரியவில்லை. இருபத்தைந்து நாள் காய்ந்தாயிற்று. முட்டாள், ரெண்டு தடவை ஓடினியே, ரெண்டு தடவையும் என்ன ஆச்சு? பிலிஸ் வர மாட்டா. எந்த முகத்தோட போய்க் கூப்பிடறது?

சத்தியவதியிடம் சொன்னேன். அவள் கட்டிலில் போய்ப் படுத்துப் போர்த்திக்கொண்டு, “எனக்குக் காய்ச்சல்னு போய்ச் சொல்லுங்க” என்றாள்.

“எவ்வளவு?”

“அதுக்குமா அளவு? நூத்தி மூணு.”

பத்தொன்பது வருடத்தில் ஒரு பொய் எண் எழுதியதில்லை. இதை எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஆகஸ்டு 4

எட்டரை மணி. 171.2. துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அட்டையில் எழுத முடியவில்லை.

துரைசாமி இல்லை.

ஆகஸ்டு 5

நேற்று முன்தினம் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நூற்று மூன்று என்றதும் பிலிஸ் அடுப்பை அணைத்து, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பன்னிரண்டரை. அம்மாவின் நெற்றியில் கை வைத்ததும் புரிந்துவிட்டது. “ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்றீங்களா?” என்று கத்தினாள். செருப்பை மாட்டினாள். அப்போது பிடித்தது மழை. கதவைத் திறக்க முடியாத மழை. அவள் செருப்போடு நின்றுகொண்டே இருந்தாள்.

மூன்று மணி நேரம். நான் முற்றத்து வாசலில் நின்று மழைமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பார்க்கத் தைரியம் இல்லை.

நாலு மணிக்குக் குறைந்தபோது ஓடினோம். குழாய் இரண்டும் அடைத்திருந்தன. ரோடு அணையாக நின்று, தண்ணீர் வரிசை முழுக்க ஏறியிருந்தது. மற்ற நான்கு வீட்டுக்காரர்கள் மேட்டுப் பக்கம் ஏறி, நனைந்து, உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டுப் பக்கம் ஓடாதே என்று ஜூனில் கிழவர் சொன்னது நினைவு வந்தது என்று ஒருத்தி சொன்னாள். பிலிஸின் அடுக்களைச் சுவர் விழுந்திருந்தது. அது அவள் நிற்கும் இடம். அந்தச் சுவர் துரைசாமிக்கும் பொதுச் சுவர். அவன் பக்கம் விழுந்தது. மருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. ஜார்ஜும் இன்னும் மூன்று பேரும் எடுத்தார்கள்.

அன்று காலை பிலிஸ் வீட்டுக்குப் போகும்போது அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. “என்னா ஆர்தரு, இன்னிக்கு வருமா?” என்று நிஜமாகவே கேட்டான். வானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. அவன் கேட்ட ஒரே தடவை.

கேட்டவனுக்கு வரும்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை. மேல வாடான்னு ரெண்டாவது வார்த்தை. முப்பது வருஷம் ஒரே ஷிஃப்டு. சொல்லலியே. எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லலன்னு மே மாசத்துல இருந்து இதே நோட்டுல எழுதிட்டு இருக்கேனே.

ஆகஸ்டு 6

அடக்கம். மழை 2.1. பிலிஸ் வீட்டில் மிஞ்சிய சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்தேன். நாலு அடி, ஏழு அங்குலம்.

ஆகஸ்டு 7, வெள்ளி

கடிதத்தைப் பைபிளிலிருந்து எடுத்துக் கிழித்தேன். ‘தவறுதலாக’ என்று மழுப்பியிருந்தேன். புதிதாக எழுதினேன். 1962 முதல் இன்று வரை எல்லா மழையையும் ஒரு நாள் முன்னால் எழுதியது நான். 1968-இல் நீங்கள் எழுதிச் சொன்னதைப் படிக்காமல் வைத்தது நான். எண்கள் சரி, தேதி தப்பு. ‘ஃபிட்டர் ஆர்தர்’ என்றே கையெழுத்துப் போட்டேன். தபாலில் போடவில்லை, நேரே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கிவந்தேன். மகாதேவன் வாசல் வரை வந்தார். சண்டை போடவில்லை.

இனி ஆக வேண்டியவை.

மழைக் கணக்கு ஆபீஸ்: கட்டை அவிழ்க்க வேண்டும். என் அட்டைகளை ஒரு வரி இறக்கி, 168.4-இன் மேலுள்ள கோட்டை எடுக்க வேண்டும். இனி எவனுடைய அட்டையையாவது அடித்தால், அடித்த அன்றே அவன் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். கடிதம் போதாது. கடிதத்தை மனிதர்கள் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவார்கள்.

மகாதேவன்: மற்ற ஸ்டேஷன்களின் 62 முதல் 80 வரையிலான எண்களை எனக்கு நகல் எடுத்துத் தர வேண்டும். என் முற்றத்தில் மட்டும் மாறியிருக்கிறதா, எங்கும் மாறியிருக்கிறதா? எங்கும் என்றால் – அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ரோட்டு இன்ஜினியர்: குழாயை எடுத்துவிட்டுத் தூண் வைத்துப் பாலம் கட்ட வேண்டும். 110-க்கு அல்ல, 171-க்கும் அல்ல, அதற்கு மேலே. ஒவ்வொரு வாரமும் அதன் வாயில் சேரும் குப்பையை வாரிவிட ஆள் போட வேண்டும். திங்கட்கிழமை அவர் பெஞ்சில் போய் உட்காருவேன். டீ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஜார்ஜ்: அந்தச் சுவரைத் திரும்ப எழுப்பக் கூடாது. இங்கேயே, எங்களோடு மேட்டில் இருக்க வேண்டும். இன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, “மாமா, நீங்க ஆபீஸ் போற அன்னிக்கு அத யாரு அளக்கறது?” என்று கேட்டான்.

ஆகவே, நான் போகும் நாட்களில் ஜார்ஜ். அவனுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் பிலிஸ். என் மேல் கோபம் இருந்தாலும் பிலிஸ்.

சத்தியவதி: தம்போலாப் பையைச் சர்ச்சில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினெட்டுக் காய்களை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும்.

மீதியுள்ள நான்கு வீடுகள்: மேற்கு கறுத்தால் மேலே வர வேண்டும். பெய்யாவிட்டாலும் வர வேண்டும். கதவு திறந்திருக்கும்.

நான்: கேட்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். சிரிப்பவனுக்கும்.

நான்: அட்டை இன்னும் காலியாக இருக்கிறது. 171.2. அதை ஆகஸ்டு 4 என்ற வரியில் எழுத வேண்டும். 3-இல் அல்ல.